கன்சாஸ் நகரத்தில் பேசப்பட்ட பீடோங் தீவு

2007 ஆகஸ்டு 22, புதன்கிழமை அன்று, அப்போதைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகரில் முன்னாள் படைவீரர்களின் மாநாட்டில் ஆற்றிய உரையை இதுவரை மூன்று முறை வாசித்துவிட்டேன். முதல் முறை செய்திக்காக வாசித்தேன். இரண்டாம் முறை கோபத்தில் வாசித்தேன். மூன்றாம் முறை, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு உரிய பழக்கத்தால், எந்தச் சொல் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வாசித்தேன். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதும் ஐம்பதாவது மெர்டேக்காவுக்காக, அதாவது மலேசிய விடுதலை நாளுக்காக, கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் எழுதுவதற்கு அதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்பதை அறிவேன். ஆனாலும் இந்த உரை என்னை விடவில்லை. அமெரிக்க அதிபர் ஒருவர் ஈராக்கில் தம் படைகள் ஏன் நீடிக்க வேண்டும் என்று வாதிடுவதற்கு எடுத்துக்கொண்ட சான்றுகளில் ஒன்று, மலேசியாவின் திரெங்கானு கடலில் நாம் கண்ணால் பார்த்த ஒன்று: வியட்நாமின் படகு அகதிகள்.

உரையின் தேவை வெளிப்படையானது. ஜனவரியில் ஈராக்குக்குக் கூடுதலாக இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துருப்புகளை அனுப்பப்போவதாக அறிவித்தார். செப்டம்பரில் ஈராக்கிலிருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி பெட்ரேயஸ் நாடாளுமன்றத்தில் அறிக்கை கொடுக்க இருந்தார். இறந்த அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கை 3,700ஐத் தாண்டியிருந்தது, படைகளை மீட்டுக்கொள்ளச் சொல்லும் குரல் அதிபருடைய சொந்தக் கட்சியிலேயே எழுந்திருந்தது. அறிக்கை வருவதற்கு முன் வரலாற்றைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காக ஜப்பான், கொரியா, வியட்நாம் என்று மூன்று ஆசியப் போர்களை வரிசையாக நிறுத்தினார். கொரியாவைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. மற்ற இரண்டையும் அப்படி விட்டுவிட முடியாது.

உரையின் தொடக்கம் சாமர்த்தியமானது. வெயில் அடித்த ஒரு காலைப் பொழுதில் திடீர்த் தாக்குதலில் ஆயிரக்கணக்கான அமெரிக்கர்கள் கொல்லப்பட்டார்கள் என்று ஆரம்பித்து, சுதந்திரத்தை வெறுக்கும் ஓர் எதிரியை வர்ணித்துக்கொண்டே போய், கேட்பவர்கள் எல்லோரும் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களை நினைத்துக்கொண்டிருக்கும்போது, நான் சொன்னது அல்கொய்தாவை அல்ல, பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய ஜப்பானை என்று முடிச்சை அவிழ்க்கிறார். மேடைப் பேச்சாக இதை ரசிக்கலாம். ஆனால் அந்தப் போர் பேர்ல் துறைமுகத்தில் தொடங்கவில்லை என்பதை நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1941 டிசம்பர் 8 நள்ளிரவுக்குப் பின், ஹவாயில் முதல் குண்டு விழுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே, ஜப்பானியப் படைகள் கோத்தா பாருக் கடற்கரையில் இறங்கத் தொடங்கிவிட்டன. மூன்று நாள்களில் பினாங்கின் மீது குண்டு விழுந்தது. அதன் பிறகு தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துச் செல்லப்பட்டு, அவர்களில் ஏராளமானோர் திரும்பவே இல்லை. போர்களின் தொடக்க நாளை அவரவர் வீட்டு வாசலிலிருந்துதான் எண்ணுகிறார்கள், அதில் தவறில்லை. அந்த எண்ணிக்கையை உலகத்துக்கே உரியதாக ஆக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. இந்த உரை முழுவதிலும் நான் கண்ட கோளாறு இதுதான்.

ஜப்பான் ஒப்பீட்டுக்கு முதல் அடி எதிர்பாராத இடத்திலிருந்து விழுந்தது. ஜப்பானியர்களுக்கு மக்களாட்சி ஒத்துவராது என்று அன்று சொன்ன நிபுணர்களைக் கேலி செய்த ஒரு வரலாற்றாசிரியரின் வாக்கியத்தை, அவர் பெயரைச் சொல்லாமல், புஷ் தம் உரையில் மேற்கோளாகச் சேர்த்திருந்தார். அந்த வரலாற்றாசிரியர் ஜான் டவர். ஈராக் மீது படையெடுக்கப் போகிறவர்கள் ஜப்பானை உதாரணம் காட்டக் கூடாது என்று படையெடுப்புக்கு முன்பே எழுதி எச்சரித்தவர் அவர்தான். சரணடைவுக்கு அதிகாரம் தந்த பேரரசர், கலையாமல் இயங்கிய அரசு நிர்வாகம், உட்பகை இல்லாத சமுதாயம், பல ஆண்டுகள் முன்கூட்டியே திட்டமிட்டுப் பழகிய ஆக்கிரமிப்பு நிர்வாகிகள் என்று ஜப்பானில் இருந்தவற்றுள் எதுவும் ஈராக்கில் இருக்காது என்று அவர் வாதிட்டிருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்துத் தம் வாக்கியமே எதிர்க்கட்சிக்காரர்களை அடிக்கும் பிரம்பாக ஆனதைக் கண்ட மனிதர், இவர்கள் வரலாற்றைக் கையாளும் விதமே வக்கிரமானது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். ஒருவருடைய எழுத்திலிருந்து ஒரு வரியை மட்டும் உருவி அதன் தலையை வேறு பக்கம் திருப்புவதை எங்கள் தொழிலில் மொழிபெயர்ப்புப் பிழை என்று கூடச் சொல்ல மாட்டார்கள். அதற்கு வேறு பெயர் உண்டு.

வியட்நாம் பகுதிக்கு வருவோம். 2004 ஏப்ரலில் ஈராக் இன்னொரு வியட்நாமாக ஆகிவிட்டதா என்று நிருபர் ஒருவர் கேட்டபோது, அந்த ஒப்பீடு தவறானது, அது நம் படைகளுக்கும் எதிரிக்கும் தவறான செய்தியைச் சொல்கிறது என்று பதில் சொன்னவர் இதே அதிபர். மூன்று ஆண்டுகளாக அந்தச் சொல்லை வாயில் எடுத்தவர்கள் எல்லோரும் நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று பார்க்கப்பட்டார்கள். இப்போது அவரே அதை மேடையேற்றியிருக்கிறார், ஆனால் தலைகீழாக. வியட்நாமிலிருந்து விலகியதுதான் பிழை. அந்த விலகலின் விலையைக் கொடுத்தவர்கள் லட்சக்கணக்கான அப்பாவிகள். அவர்களுடைய வேதனையால்தான் 'படகு மக்கள்', 'மறுகல்வி முகாம்கள்', 'கொலைக்களங்கள்' என்ற புதிய சொற்கள் நம் அகராதிக்கு வந்தன என்பது அவர் வாதத்தின் சாரம்.

எதிர்வினைகள் அன்றே வரத் தொடங்கின. வியட்நாமில் போரிட்டுத் திரும்பி, பிறகு அந்தப் போரை எதிர்த்தவரான செனட்டர் ஜான் கெர்ரி, தோற்றுப்போன ஈராக் கொள்கைக்கு முட்டுக்கொடுக்க வியட்நாம் துயரத்தை இழுப்பது பொறுப்பற்றது, இரண்டு போர்களின் உண்மைகளையும் அறியாதது என்றார். வாஷிங்டன் நினைவுச் சுவரில் பெயர் பொறிக்கப்பட்ட வீரர்களில் பாதிப் பேர், அந்தப் போர்த் தந்திரம் பலிக்காது என்று அரசியல்வாதிகளுக்குத் தெரிந்த பிறகு செத்தவர்கள் என்று அவர் சேர்த்துச் சொன்னது எனக்கு மிக வலுவான எதிர்வாதமாகப் பட்டது. செனட்டர் எட்வர்ட் கென்னடி, நமக்குப் புரியாத தொலைதூர நாட்டில், சொந்த மக்களிடம் போதிய ஏற்பு இல்லாத ஓர் அரசைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நம் படைகள் மாட்டிக்கொண்டதால்தான் வியட்நாமில் தோற்றோம் என்றார். அமெரிக்க அதிபர்களின் வரலாற்றை எழுதியவரான ராபர்ட் டாலெக், இன்னும் கடுமையாகச் சண்டை போட்டிருக்க வேண்டும், இன்னும் நீண்ட காலம் இருந்திருக்க வேண்டும் என்கிறாரா இவர் என்று கேட்டார். இரண்டாம் உலகப் போர் முழுவதிலும் போட்டதைவிட அதிகமான குண்டுகளை வியட்நாமின் மேல் போட்டும் நாம் நினைத்ததைச் சாதிக்க முடியவில்லை என்பதை நினைவூட்டினார். ஹனோயிலிருந்து வெளியுறவு அமைச்சின் பேச்சாளர், தாங்கள் நடத்தியது நாட்டைக் காத்துக்கொள்ளும் நியாயமான போர் என்றும் அந்தப் போர் வியட்நாம் மக்களுக்குப் பெரும் துன்பத்தையும் இழப்பையும் உண்டாக்கியது என்றும் அடக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அதைக் கேட்க அமெரிக்கத் தொலைக்காட்சிகளுக்கு அரை நிமிடம் போதுமானதாக இருந்தது.

இவர்கள் சொன்னதெல்லாம் சரிதான். ஆனாலும் வாசித்து முடித்தபோது ஏதோ குறைகிறது என்றே தோன்றியது. கெர்ரியும் கென்னடியும் டாலெக்கும் அமெரிக்கர்கள் தோற்றது ஏன் என்பதைப் பற்றித்தான் பேசினார்கள். அதிபர் கையில் எடுத்ததோ செத்த அமெரிக்கர்களை அல்ல. கடலில் மூழ்கிய வியட்நாமியரையும் வயலில் கொல்லப்பட்ட கம்போடியரையும். அந்தச் சான்றை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டுமானால் அந்த மக்களின் கணக்கைத் திறந்தாக வேண்டும். அதற்கு எதிர்க்கட்சியில் யாருக்கும் பெரிய அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

கம்போடியாவையே எடுத்துக்கொள்வோம். 1969 மார்ச்சில் அமெரிக்க விமானங்கள் அந்நாட்டின் எல்லைப் பகுதியில் இரகசியமாகக் குண்டு போடத் தொடங்கின; சொந்த நாடாளுமன்றத்துக்கே அது மறைக்கப்பட்டது. 1970 மார்ச்சில் அந்நாட்டை ஆண்ட சிஹானுக் கவிழ்க்கப்பட்டார். ஏப்ரல் 30 இரவு அமெரிக்க அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றிப் படைகள் கம்போடியாவுக்குள் நுழைவதை நியாயப்படுத்தினார். அது வியட்நாம் போரை விரைவாக முடிப்பதற்காக என்றார். நான்கு நாள் கழித்து ஓஹையோவின் கென்ட் பல்கலைக்கழக வளாகத்தில் தேசியக் காவல் படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்கள். குண்டுவீச்சு 1973 ஆகஸ்டு 15 வரை தொடர்ந்தது. போட்ட குண்டுகளின் எடை ஐந்து லட்சம் டன்னுக்குக் குறையாது. 1969இல் காட்டுக்குள் சில ஆயிரம் பேராக இருந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கிளர்ச்சிப் படை, 1975 ஏப்ரல் 17 அன்று தலைநகர் நொம்பென்னுக்குள் நுழையும்போது ஒரு பெரும்படையாக வளர்ந்திருந்தது. அதன் பிறகு நடந்த கொலைகளுக்குப் பொறுப்பு அதன் தலைவன் போல் பொட்டும் அவன் கூட்டாளிகளும்தான். அதை யார் மீதும் தள்ளிவிட முடியாது. 2007 ஜூலை 31ஆம் தேதி நொம்பென் நீதிமன்றத்தில் கெமர் ரூஜின் சித்திரவதைச் சிறையை நடத்திய டுச் மீது குற்றம் சாட்டப்பட்டதைப் பார்த்தபோது முப்பது ஆண்டுகள் தாமதமாகிவிட்டதே என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஆள் சேர்ந்தது எப்படி என்ற கேள்விக்கு 1975க்குப் பிந்தைய ஆண்டுகளில் பதில் கிடைக்காது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நிக்சனின் வெளியுறவுக் குழுவில் இருந்த ஒருவரும் அந்த அரசைக் கடுமையாக விமர்சித்த இன்னொருவரும் சேர்ந்து, ஈராக்கில் தோற்றால் பேரழிவு என்று எழுதியிருக்கிறார்கள் என்று புஷ் உரையில் குறிப்பிடுகிறார். 2007 ஜூன் மாதம் வந்த அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் பீட்டர் ராட்மனும் வில்லியம் ஷாக்ராஸும். அமெரிக்கக் குண்டுவீச்சுத்தான் கம்போடியாவை கெமர் ரூஜின் கையில் கொடுத்தது என்று உலகத்துக்கு விரிவாக எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் ஷாக்ராஸ்! மனிதர்கள் கருத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவர் முன்பு தொகுத்த உண்மைகள் அவரோடு சேர்ந்து மாறிவிடவில்லை.

கொலைக்களங்களை நிறுத்தியது யார் என்பதையும் கன்சாஸ் நகரத்தில் யாரும் சொல்லவில்லை. 1978 டிசம்பர் இறுதியில் கம்போடியாவுக்குள் நுழைந்து, 1979 ஜனவரி 7 அன்று நொம்பென்னைப் பிடித்து கெமர் ரூஜை விரட்டியது வியட்நாம் ராணுவம். அதற்காக அது உலகத்தால் தண்டிக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையில் கம்போடியாவின் இருக்கை பல ஆண்டுகள் கெமர் ரூஜின் பிரதிநிதிகளிடமே விடப்பட்டது; அமெரிக்காவும் அதற்கு வாக்களித்தது, நாமும் வாக்களித்தோம். 1982 ஜூன் 22 அன்று சிஹானுக், சோன் சான், கெமர் ரூஜின் கியூ சம்பான் மூவரும் வியட்நாமுக்கு எதிரான கூட்டணி அரசுக்குக் கையொப்பமிட்ட இடம் எது தெரியுமா? கோலாலம்பூர். நான் அப்போது இருபத்தைந்து வயது இளைஞன். மறுநாள் பத்திரிகையில் மூவரும் நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்பேன். அதைப் பற்றி எனக்கு எந்த நினைவும் இல்லை என்பதே இப்போது உறுத்துகிறது. இந்த உரையை விமர்சிக்கும் நம்மவர்கள் யாரும் இதைச் சொல்லாமல் விட்டால், நாமும் புஷ் செய்ததைத்தான் செய்கிறோம்.

படகு மக்கள் என்ற சொல் என் வீட்டில் வேறு வழியாக நுழைந்தது. என் பெரியப்பா அரசாங்க மருத்துவமனையில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவர். 1978இல் அவருக்குக் கிழக்குக் கரையில் வேலை. அந்த ஆகஸ்டில் திரெங்கானுக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள பீடோங் தீவில் முகாம் திறந்தார்கள். 4,500 பேருக்கென்று கணக்கிட்ட இடத்தில் அடுத்த ஆண்டு ஜூனுக்குள் சுமார் 40,000 பேர் இருந்தார்கள். செம்பிறைச் சங்கத்தின் மருத்துவக் குழுக்களோடு அவரும் சில முறை படகேறிப் போனார். உடைந்த படகுகளின் பலகையைக் கொண்டே இரண்டடுக்கு மூன்றடுக்கு வீடுகள், மேலே நீல நெகிழித் தாள், ஊற்றுக் கிணறு வற்றிப்போனதால் கரையிலிருந்து வரும் தண்ணீர், தையல் கடை, தேவாலயம், புத்தக் கோயில், குப்பை மேடு என்று அவர் விவரிப்பது ஒரு நகரத்தை. பீடோங் என்ற பெயரை அந்த மக்கள் தங்கள் மொழியில் 'சோகம்' என்று பொருள்படும் ஒரு சொல்லாகத் திரித்து அழைத்தார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். 1991இல் முகாம் மூடப்படுவதற்குள் அந்தத் தீவின் வழியாகச் சுமார் 250,000 பேர் போயிருக்கிறார்கள்.

அந்த மக்களுக்குத் துன்பமே இல்லை, அது ஏகாதிபத்தியப் பிரசாரம் என்று எழுபதுகளில் நம்மூர் இடதுசாரி நண்பர்கள் சிலர் பேசியது நினைவிருக்கிறது. அது பொய். மறுகல்வி முகாம்கள் உண்மை. விசாரணை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டவர்கள் உண்மை. அரசு கடையைப் பறித்துக்கொண்ட, சைகானின் சீனர் பகுதியான சோலோனின் வணிகர்களும் உண்மை. சைகான் மாரியம்மன் கோயிலைக் கட்டி வளர்த்த தமிழர்களும் அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் குடும்பங்களும் வேறு வழியின்றி மூட்டை கட்டியது அதே காலத்தில்தான். புஷ் சொன்ன சொற்களில் ஒன்றுகூடக் கற்பனை அல்ல. அவற்றை அவர் வைத்த இடம்தான் பிழை. குண்டும் இலையுதிர்ப்பு நஞ்சும் பொழிந்த பத்து ஆண்டுகள், வேரோடு பெயர்க்கப்பட்ட கிராமங்கள், பொம்மை அரசுகள், அதன் பிறகு வெற்றி பெற்றவர்களின் பழிவாங்கல், சீனாவோடு வந்த பகை எல்லாம் சேர்ந்துதான் அந்தப் படகுகளைக் கடலில் இறக்கின. கடைசிப் படைவீரன் விமானம் ஏறிய நாளிலிருந்து மட்டும் எழுதப்பட்ட கணக்கு, கடன் வாங்கியதை மறைத்துவிட்டு வட்டியை மட்டும் காட்டும் கணக்கு.

நாம் நடந்துகொண்ட விதத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1978 நவம்பரில் ஹாய் ஹோங் என்ற கப்பல் சுமார் 2,500 பேரோடு கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றபோது அவர்களை இறங்க விடவில்லை. கனடா, பிரான்சு போன்ற நாடுகள் ஏற்றுக்கொள்ள முன்வரும்வரை வாரக்கணக்கில் அது அங்கேயே நின்றது. 1979இல் பல்லாயிரம் பேர் மீண்டும் கடலுக்குள் இழுத்துவிடப்பட்டார்கள். அந்த ஜூனில் அன்றைய துணைப் பிரதமர் மகாதீர், வரும் படகுகளைச் சுட அதிகாரம் தரும் சட்டம் வரும் என்று சொன்னதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. பிரதமர் ஹுசேன் ஓன் மறுத்தார். மகாதீர் சொன்னது சுடுவது என்று பொருள்படும் 'ஷூட்' அல்ல, விரட்டுவது என்று பொருள்படும் 'ஷூ' என்ற ஆங்கிலச் சொல்தான் என்று பின்னர் விளக்கம் வந்தது. ஓர் எழுத்துப் பிசகில் உயிர் போகும் தருணங்கள் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மட்டும் வருவதில்லை போலும்.

நம் வரலாறு வெளிநாட்டு அதிபரின் மேடையில் சாட்சி சொல்லப் போவது இது முதல் முறையும் அல்ல. அப்போது நம்மை அழைத்தது வெற்றிக் கதையாக. மலாயா அவசரகாலத்தில், அதாவது இங்கே கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கிய ஆண்டுகளில், பணியாற்றிப் பாதுகாப்புச் செயலாளராக உயர்ந்த ராபர்ட் தாம்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1961இல் சைகானுக்கு ஆலோசகராகப் போனார். இங்கே புது கிராமங்களில் செய்ததை அங்கேயும் செய்யலாம் என்று நம்பிக் கிராமங்களை வேலிக்குள் அடைக்கும் திட்டம் நடந்தது, படுதோல்வி அடைந்தது. இருந்தும் 1969 டிசம்பர் 15 அன்று நிக்சன் நாட்டு மக்களிடம் பேசும்போது, மலாயாவில் வெற்றியை வடிவமைத்தவர் என்று அதே தாம்சனை அறிமுகம் செய்து, வியட்நாமில் நிலைமை தேறிவருகிறது என்று அவர் சொன்னதைச் சான்றாக வாசித்தார். 2006 டிசம்பரில் அமெரிக்க ராணுவம் வெளியிட்ட கிளர்ச்சி ஒடுக்கும் கையேட்டிலும் மலாயாப் பாடம் இருக்கிறது. பெட்ரேயஸ் 2007இல் பாக்தாத்தில் நடத்தியது அந்தக் கையேட்டின்படிதான். அந்தப் பாடத்தில் முள்வேலிக்குள் திரட்டப்பட்ட தோட்டத்து லயங்களில் அரிசியை அளந்து கொடுத்த நாள்களும், 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் சுட்டுக் கொல்லப்பட்ட 24 பேரும் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள் என்று தேட எனக்கு ஆசை. அமெரிக்க அதிபர் ஜான்சன் 1966 அக்டோபரில் இங்கு வந்தபோது நெகிரி செம்பிலானில் ஒரு நிலக்குடியேற்றத்தைச் சுற்றிக் காட்டினார்கள். ஃபெல்டா என்ற அரசு நிறுவனத்தின் அந்தக் குடியேற்றம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நகரத்தில் அவரை எதிர்த்து ஊர்வலம் போனவர்களின் பெயரில் ஒரு சந்துகூட இல்லை.

இன்னொன்று. சைகானைக் களமாக வைத்து கிரகாம் கிரீன் எழுதிய நாவலில், நல்ல நோக்கத்தோடு வந்து கேடு விளைவிக்கும் பைல் என்ற இளம் அமெரிக்கனை புஷ்ஷே தம் உரையில் எடுத்துப் பேசுகிறார். தான் உண்டாக்கிய தொல்லைகளுக்கெல்லாம் அவனைவிட நல்ல நோக்கம் கொண்டவனைக் கண்டதில்லை என்ற வரியையும் வாசிக்கிறார். கிரீனின் வாதம் பிறகு வலுப்பெற்றது, நாம் விலகினால் வியட்நாம் மக்களுக்கு எந்தக் கேடும் வராது என்று பலர் வாதிட்டார்கள் என்கிறார். விமர்சகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உரையை எழுதிக்கொடுத்தவர் அந்த நாவலின் கடைசிப் பக்கம் வரை போனாரா என்ற ஐயம் எனக்கும் உண்டு.

நமக்கு இத்தகைய உரைகள் தூரத்துச் செய்தி அல்ல. 2007 ஜூலையில் கொழும்பில் அப்போதைய இலங்கை அதிபர் மகிந்த ராஜபக்ச, விடுதலைப் புலிகளிடமிருந்து கிழக்கை விடுவித்துவிட்டதாக விழா எடுத்தார். தொப்பிகலை என்று அவர்கள் கொண்டாடிய மலையை அங்குள்ள தமிழர் குடும்பிமலை என்பார்கள். விழா மேடையில் முகாம்களில் இருந்த மட்டக்களப்பு மக்களுக்கு இடம் இல்லை. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை செந்தூலில் பெரியப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். எழுபத்தெட்டு வயது, கண் மங்கல், காது துல்லியம். உரையின் வியட்நாம் பகுதியைத் தமிழாக்கி எடுத்துப் போயிருந்தேன். வாசிக்க வாசிக்கக் கையை நாற்காலியில் தட்டிக்கொண்டே கேட்டார். பெரியம்மா தேநீரை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"அவரு பீடோங்குக்கு வந்திருக்காராடா?" என்றார்.

"இல்ல பெரியப்பா. பேர்கூடச் சொல்லல. படகு மக்கள்னு பொதுவாச் சொல்றாரு."

"அமெரிக்காக்காரங்க அப்ப நெறைய பேரை ஏத்திக்கிட்டுப் போனாங்க லா. அதையும் நீ எழுதணும். மேசை போட்டு, கேள்வி கேட்டு, பேர் எழுதி அனுப்பினாங்க."

அது உண்மை, எழுதுகிறேன். சைகான் விழுந்த 1975ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா சுமார் 130,000 பேரை ஏற்றுக்கொண்டது. பீடோங்கிலிருந்து போனவர்களிலும் பெரும்பங்கு அங்கேதான் போனது. அதற்குப் பிறகு அவர் ஈராக்கைப் பற்றிக் கேட்டார். அங்கே இப்போது ஓடுகிறவர்கள் உண்டா என்றார். ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையக் கணக்கின்படி நாட்டை விட்டுப் போனவர்கள் மட்டுமே 20 லட்சத்துக்கு மேல், உள்நாட்டிலேயே வீடிழந்தவர்கள் ஏறத்தாழ அதே அளவு என்று சொன்னேன். சிரியாவில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள், ஜோர்தானில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்றேன். படை விலகினால் நடக்கும் என்று அதிபர் பயமுறுத்திய காட்சி, படை உள்ளே இருக்கும்போதே டமாஸ்கஸின் வாடகை வீடுகளில் நடந்துகொண்டிருந்தது.

"அதுல அமெரிக்கா எத்தனை பேரை எடுத்துச்சு?"

2006 நிதியாண்டின் எண்ணிக்கை என் தாளின் ஓரத்தில் இருந்தது. 2007 பிப்ரவரியில் ஏழாயிரம் பேரை ஏற்கத் தயார் என்று அறிவித்திருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிட்டு, 2006 நிதியாண்டில் உள்ளே விட்டது 202 பேர் என்றேன்.

சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து மறுபடியும் சொன்னேன். அவருக்கு முதல் தடவையே கேட்டிருந்தது.

"அது ஒரு படகுடா," என்றார். "காலையில நாங்க போய் எறங்கறதுக்குள்ள வந்து நிக்கும்."